குண்டூசி இல்லாத தலைக்கட்டு

அத்தியாயம் 6

பதினொரு வருடம் கழித்து ஹவன்ஹோஃப் கலை அருங்காட்சியகத்தின் படியேறியபோது வோனி பிராஃபின் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இயக்குநர் ஃபான் டால் ஊர் பார்க்க அவமானப்பட வேண்டும். திருட்டைக் கண்டுபிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மணி மூன்றே கால். வெளியே ராட்டர்டாமின் வழக்கமான சாய்வு மழை. உள்ளே உலகக் கலாச்சாரக் குடும்பத் திருவிழா. வருடத்தில் இந்த ஒரு ஞாயிறு நுழைவு இலவசம் என்பதால் ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து விழுந்திருந்தது. நடுக்கூடத்தில் கேப் வெர்தேக்காரர்களின் மேளம். மாடிப்படி வளைவில் துருக்கிப் பெண்கள் பொரேக் என்கிற அடுக்குப் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன கடற்படைத் தளபதிகளின் ஓவியங்களுக்குக் கீழே, முகத்தில் புலி வரைந்துகொண்ட பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடின.

"பாஸ், கொஞ்சம் முகத்தைத் தளர்த்துங்க," என்றான் பாரென்ட். "உங்களப் பாத்துட்டு ஒரு புலி அழுவுது."

பாரென்ட் பன்னிரண்டு வருடம் டிராமில் சீட்டுப் பரிசோதகனாக இருந்தவன். பிடித்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்து விட்டுவிட்டான் என்று வேலையிலிருந்து துரத்தினார்கள். வோனி அவனைத் தன் துப்பறியும் தொழிலில் சேர்த்துக்கொண்டாள். துரத்தப்பட்டவர்களை மட்டுமே அவள் நம்புவாள்.

படிக்கட்டின் அடியில் கோண்டா வைங்கார்டெ கைகட்டி நின்றிருந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள். ஐம்பத்தாறு வயது. தலையில் கஞ்சி போட்டு விறைப்பாக மடித்த சிவப்புத் தலைக்கட்டு. அவளுடைய முகமும் அதே விறைப்பில் இருந்தது.

"வந்துட்டியா," என்றாள். "நாலு மணிக்கு மேடையில வெச்சு என் கையில குடுக்கணும். ரெண்டு வருஷம் வழக்குப் போட்டு வாங்கின தீர்ப்பு. மூணு மணிக்கு வந்து ஃபான் டால் காணோம்ங்கிறான். எங்க சூரிநாம் கடைப் பொம்பளைங்க ஏழு பேரும் வெளிய போகக் கூடாதாம். திருடினது நாங்களாம். நம்மளோடதையே நாம திருடிக்கிறோமாம்!"

"போலீஸுக்குச் சொல்லிட்டானா?"

"நாலு மணி வரைக்கும் பொறுக்கறேன்னான். எங்க ஆளு தேடட்டும்னேன். உன் பேரச் சொன்னதும் சிரிச்சான்டி, வோனி. 'தாராளமா வரச் சொல்லுங்க'ன்னான்."

"சிரிக்கட்டும்க்கா. பல்லு எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கறேன்."

காணாமல் போனது ஒரு துணி. தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரிநாமின் தலைக்கட்டு, அங்கிசா என்று பெயர். அந்த ஊர்ப் பெண்கள் வாயால் சொன்னால் அடி விழும் என்கிற காலத்தில், சொல்ல வேண்டியதைத் தலைக்கட்டின் மடிப்பில் சொன்னார்கள். 'மூலையில் எனக்காகக் காத்திரு' என்று ஒரு மடிப்பு. 'பேசுகிறவர்கள் பேசட்டும்' என்று இன்னொன்று. 1892இல் கோண்டாவின் கொள்ளுப்பாட்டி செலெஸ்டினா ஒரு கரும்புத் தோட்டத்தில் சமையல்காரி. அவளுடைய தம்பியை அந்தத் தோட்டத் துரை பொய்ப் புகார் கொடுத்துச் சிறைக்கு அனுப்பினான். மறுநாள் புகைப்படக்காரன் வந்தான். செலெஸ்டினா அதுவரை யாரும் கட்டாத ஒரு கட்டைக் கட்டிக்கொண்டு போய்த் துரையின் பக்கத்தில் நின்றாள். அழகாக இருக்கிறது என்றான் துரை. சமையற்கட்டுப் பெண்கள் அவளைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மடிப்பு என்ன சொன்னது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. பின்பக்கம் பார்த்தால்தான் புரியும், நீ பெரியவளானதும் காட்டுகிறேன் என்று கோண்டாவின் அம்மா சொல்வாள். இரண்டு வாரக் கண்காட்சிக்கென்று அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போன அருங்காட்சியகத்தார் நாற்பது வருடம் திருப்பித் தரவில்லை. அவள் செத்த அன்று கோண்டா சொன்னாள்: கண்ணாடிக்குள் இருக்கிறதை நான் பார்க்க மாட்டேன், கையில் வாங்கித்தான் பார்ப்பேன். அதன் பிறகு அவளோ அவளுடைய சிநேகிதிகளோ அந்த மாடிக்கு ஏறியதே இல்லை.

வோனிக்கும் அந்தத் துணிக்கும் வேறொரு கதை. பதினொரு வருடம் முன்பு அவள் இங்கே இராக்காவல். தலைக்கட்டைப் புதுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த முதல் நாள் அவள் காவல் புத்தகத்தில் ஒரு வரி எழுதினாள்: 'முன்பு வலது காதுப் பக்கம் இருந்த நுனி இப்போது இடது காதுப் பக்கம் இருக்கிறது.' காலையில் ஃபான் டால் அவளைக் கூப்பிட்டான். அப்படியானால் நீதான் அதைத் தொட்டிருக்கிறாய் என்றான். இல்லையென்றால் தூக்கத்தில் கனவு கண்டிருக்கிறாய் என்றான். எதுவாக இருந்தாலும் வேலை போய்விட்டது. காட்சிப் பொருளில் கை வைத்தவள் என்ற பெயருடன் அவளுக்கு இந்த நாட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை.

திருவிழாவுக்காக மூடி வைத்திருந்த மாடியில் ஃபான் டால் பெட்டியருகே நின்றிருந்தான். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் மெல்லிய பட்டுத்துணி.

"வோனி! நல்லா இருக்கீங்களா? இப்பல்லாம் ராத்திரி நல்லா தூக்கம் வருதா?"

"வருது சார். பகல்ல முழிச்சிருக்கேன், அதான் உங்களுக்குக் கஷ்டம்."

பெட்டி உடைக்கப்படவில்லை. பூட்டு சாவியால் திறக்கப்பட்டிருந்தது. சாவி காவலர் அறையில் ஆணியில் தொங்கும் என்றான் ஃபான் டால். கடைப் பெண்கள் தண்ணீர் பிடிக்க அந்த அறைக்குத்தான் போய் வருகிறார்களாம்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ரெண்டரை மணிக்கு. என் கண்ணால பாத்தேன். அப்புறம் மூணு மணி வரைக்கும் துணைமேயர் அம்மாவோட கீழ மேடைகிட்ட இருந்தேன். அவங்களையே கேளுங்க."

"நான் கேக்காமயே சாட்சி வருது," என்றான் பாரென்ட். "டிராமில இப்படித்தான் சார். சீட்டு இல்லாதவன்தான் முதல்ல பையத் தடவுவான்."

ஃபான் டால் அவனை ஒரு பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இவர் யாரு?"

"என் உதவியாளர். நாட்டுல எந்த வேலைக்கும் லாயக்கில்லன்னு சான்றிதழ் வாங்கினவர். உங்ககிட்ட நான் வாங்கின மாதிரி."

கீழே இறங்கும்போது பாரென்ட் படியிலேயே நின்றான். நடுக்கூடத்தைப் பார்த்தான். சூரிநாம் கடையிலும் அதைச் சுற்றியும் தலைக்கட்டோடு நாற்பது பெண்களாவது இருப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். நடப்பதும் சிரிப்பதும் பாரா வடை தின்பதுமாக.

"பாஸ், திருடினவ அத பையில வைக்க மாட்டா. தலையில வெச்சுக்கிட்டு என் முன்னாலயே போவா."

"நூத்து முப்பது வருஷத் துணி. தலையில அழுத்தினா அப்பளம் மாதிரி நொறுங்கும். கட்டறவங்களுக்கு அது தெரியும். தலைய விடு, கைய பாரு. எங்க வெச்சா பத்திரமா இருக்கும்னு பாரு."

கடையில் ஈர்மா என்கிற பருத்த பெண்மணி பதினைந்து குழந்தைகளுக்குத் தலைக்கட்டு மடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. அதோடு பேசவும் செய்தாள்.

"இழுத்து மடி, கண்ணு. கஞ்சி போட்ட துணிக்குப் பயப்படாத. மடிச்சியா? இப்ப ஊசி. அவ்வளவுதான், தொப்பி மாதிரி தலையில மாட்டிக்க. டேய் புலி, இங்க பாரு! இப்படிக் கட்டினா எங்க ஊர்ல கல்யாணம் ஆகாது!"

கையில் இருந்த மரக்கரண்டியை உயர்த்தினாள். கரண்டியின் முனையில், பழுப்பும் நீலமுமாய் வெளுத்துப்போன கட்டம் போட்ட ஒரு தலைக்கட்டு தொளதொளவென்று தொங்கியது. குழந்தைகள் கெக்கலித்தன.

வோனி குழந்தைகளை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

"ஈர்மாக்கா, அது என்ன?"

"இதா? மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்க பொம் தின்னுட்டு வந்தோமா, ஒரு மணி இருக்கும், மேஜை மேல கெடந்துச்சு. எந்தக் கழுத கட்டுச்சோ தெரியல. நுனிய இடது பக்கம் திருப்பி வெச்சிருக்கு. கஞ்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படிக் கட்டக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரமா இதத்தான் காட்டிட்டிருக்கேன். புள்ளைங்களுக்கு அம்புட்டு சிரிப்பு!"

வோனி இரண்டு கைகளையும் நீட்டி அதைக் கரண்டியிலிருந்து எடுத்தாள். விரல்கள் உள்பக்கம் போயின. குண்டூசி குத்தவில்லை. மாறாக, மயிர்போல் மெல்லிய ஏதோ வரிசையாக இடறியது. தையல். துளித்துளியாக, ஒரே சீராக, கைதேர்ந்த தையல்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"கிடைச்சிருச்சா!"

ஃபான் டால். கூடவே துணைமேயர் அம்மாள், இரண்டு காவலர்கள். அவர்கள் எப்படி அந்த நிமிடத்தில் சரியாக அங்கே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வோனியின் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடவுளே," என்றான் ஃபான் டால். "பிரிச்சு, கசக்கி, குழந்தைகளுக்கு விளையாடக் குடுத்திருக்காங்க. மேடம், இதுக்குத்தான் நான் பயந்தேன். நீதிமன்றத்திலயும் சொன்னேன். இவங்களுக்குப் பாசம் இருக்கலாம், பராமரிக்கத் தெரியாதுன்னு. அந்த மடிப்பு போச்சு. இனி உலகத்துல யாராலயும் அதத் திரும்பக் கொண்டுவர முடியாது."

ஈர்மாவின் வாயிலிருந்து குண்டூசிகள் ஒவ்வொன்றாக மேஜையில் விழுந்தன. "நானா? நானா செலெஸ்டினாவோடத...?"

கோண்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் ஈர்மாவைப் பார்த்த பார்வையில் பாரென்ட்கூட நகைச்சுவையை விழுங்கிவிட்டான். முப்பது வருடச் சிநேகிதிகள். ஒரு நொடியில் அவர்களுக்கு நடுவே ஒரு பிணம் கிடந்ததுபோல் ஆகிவிட்டது.

காவலர்கள் தலைக்கட்டை வெல்வெட் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணிக்கு அங்கேயே அறிவிக்கப் போவதாக ஃபான் டால் சொன்னான். வருத்தத்தோடு, என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

மணி மூன்று இருபத்தெட்டு.

"பாஸ், இப்ப என்ன?" என்றான் பாரென்ட்.

"ஒரு மணிக்கு அது மேஜையில கெடந்துச்சுன்னு ஈர்மாக்கா சொல்றா. ரெண்டரைக்கு மாடியில பாத்தேன்னு இவன் சொல்றான். ரெண்டுல ஒண்ணு பொய். இந்தக் கூட்டத்துல போனில்லாத பெத்தவங்க இருக்காங்களா?"

"புள்ளைய விட்டுட்டு வந்தாலும் போனை விட்டுட்டு வர மாட்டாங்க."

"போ. கரண்டியோட ஈர்மா நிக்கிற படம் வேணும். நேரத்தோட."

பாரென்ட் புலிகளின் கூட்டத்துக்குள் பாய்ந்தான். வோனி அருங்காட்சியகக் கடைக்குப் போனாள்.

ஃபான் டாலின் புத்தகம் அங்கே அடுக்கடுக்காக இருந்தது. அவனுக்கு இரண்டு நாடுகளில் விருதும் ஒரு பேராசிரியர் பட்டமும் வாங்கிக்கொடுத்த புத்தகம். அட்டை முழுக்க அந்த 1892 புகைப்படம். செலெஸ்டினா, தலைக்கட்டோடு. பக்கத்தில் தோட்டத் துரை. வோனி ஒரு பிரதியைக் கையில் எடுத்தாள். படத்தில் நுனி இடது காதுப் பக்கம்தான் இருந்தது.

அப்படியானால் அவள் எழுதிய வரி தவறா? பதினொரு வருடமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. வலது என்று நினைத்தது தூக்கக் கலக்கமா? அவள் அட்டையை முறைத்தாள். செலெஸ்டினா அவளைத் திருப்பி முறைத்தாள்.

கால் மணி நேரத்தில் பாரென்ட் மூச்சிரைக்க ஓடி வந்தான். "கிடைச்சிருச்சு. ஒரு ஃபின்லாந்துக்கார அப்பா. பொண்ணு தும்மறதகூட படம் எடுத்து வெச்சிருக்கார். ஒண்ணு பன்னெண்டுக்கு ஒரு படம். ஈர்மா, கரண்டி, தலைக்கட்டு, பொண்ணோட மூக்கு, எல்லாம் தெளிவா இருக்கு. அவரையே நாலு மணிக்கு மேடைகிட்ட நிக்கச் சொல்லிட்டேன்." புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "இதா அந்தப் புத்தகம்? பதினோரு வருஷமா இதே அடுக்கு. ஒருத்தரும் வாங்கல போல. ஏன் பாஸ், இந்தத் துரை எதுக்குப் பொம்பள கோட்டு போட்டிருக்கான்?"

"என்ன சொன்ன?"

"பித்தான். ஆம்பளக் கோட்டுல இடது பக்கம் மேல வரும். என் சீருடையில பன்னெண்டு வருஷம் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இவனுக்கு வலது பக்கம் மேல வருது. பொண்டாட்டி கோட்ட மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டான்."

வோனி அட்டையைப் பார்த்தாள். ஒவ்வொரு பித்தானாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. கல்லாவில் நின்ற பெண் பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

"பாரென்ட், அவன் கோட்ட மாத்திப் போடல. படத்தையே மாத்திப் போட்டிருக்காங்க. அந்தக் காலத்துல படம் கண்ணாடித் தகட்டுலதான் பதிவாகும், அதத் திருப்பி வெச்சு அச்சடிச்சிருக்காங்க. வலது இடதாயிருச்சு."

"அப்போ செலெஸ்டினா கட்டினது வலது பக்கம்."

"வலது பக்கம். நான் எழுதின மாதிரி. அப்புறம் ஒருத்தன் இந்தப் புத்தகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, இதப் பாத்து, அந்தத் துணிய மறுபடி மடிச்சிருக்கான். எங்க பொம்பளைங்க குண்டூசி குத்துவாங்க. இதுல தையல் இருக்கு. யாரு தைப்பா சொல்லு? ஊசி துருப்பிடிச்சுடுமேன்னு யாருக்குப் பயம்?"

பாரென்ட் மெதுவாக விசிலடித்தான். "மியூசியத்துக்காரனுக்கு."

"இன்னிக்கு நாலு மணிக்குக் கோண்டாக்கா அத கையில வாங்கித் திருப்பிப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சிரும். அதனால அவங்க மேஜையிலயே கொண்டுவந்து போட்டுட்டான். அவங்க கையே படட்டும், அவங்க தலையிலயே பழி விழட்டும்னு."

"சொல்லுங்க பாஸ், மேடையில ஏறி உடைச்சிருவோம்."

"நான் சொன்னா கனவுன்னு சொல்லுவான். அவன் வாயாலயே வரணும்."

"எப்படி வரும்?"

"இத்தன வருஷம் அவனப் பத்தி மட்டும்தான் யோசிச்சிருக்கேன், பாரென்ட். அவன் பொய்யன்னு சொன்னா சிரிப்பான். திருடன்னு சொன்னா வக்கீலக் கூப்பிடுவான். வேலை தெரியாதவன்னு சொன்னா தாங்க மாட்டான்."

நாலு மணிக்கு மேளம் நின்றது. கூடம் நிறைந்திருந்தது. மேடையில் துணைமேயர், ஃபான் டால், வெல்வெட் தட்டு. கீழே முதல் வரிசையில் ஏழு பெண்கள், இரண்டு பக்கமும் காவலர்கள். குழந்தைகள் எதுவும் புரியாமல் தின்றுகொண்டிருந்தன.

ஃபான் டால் கனிவாகப் பேசினான். கனிவாக இருக்கும்போதுதான் அவன் மிக மோசமானவன் என்று வோனிக்குத் தெரியும். நூற்று முப்பது ஆண்டு காலப் பொக்கிஷம், ஒரு மதிய நேர அலட்சியம், ஈடு செய்ய முடியாத இழப்பு. ஈர்மா குனிந்த தலை நிமிரவில்லை.

வோனி மேடையேறினாள். "சார் சொல்றது சரிதான். கடையில வெச்சு அத கரண்டியில மாட்டினது தப்பு. நாங்க ஒத்துக்கறோம்."

"வோனி!" என்று கோண்டா கத்தினாள்.

"இருங்கக்கா. ஆனா சார், ஒரு சந்தேகம். கஞ்சி போட்ட துணிய பூச்சி அரிக்கும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். அத அப்படியே கஞ்சியோட இத்தன வருஷம் வெச்சிருக்கீங்க. குண்டூசி துருப்பிடிச்சுத் துணியே ஓட்டையாகும், அதையும் எடுக்கல. எங்களுக்குப் பராமரிக்கத் தெரியாதுன்னு சொல்றீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச லட்சணம் இதானா? எங்க வீட்டு அலமாரியில இருந்திருந்தாக்கூட இதவிட நல்லா இருந்திருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைக் குத்தியது. கழுத்தின் பட்டுத்துணிக்கு மேலே சிவப்பு ஏறியது.

"என்ன உளறுறீங்க? ஐரோப்பாவிலயே தலைசிறந்த துணிப் பராமரிப்புப் பிரிவு எங்களோடது! கஞ்சியாம்! அந்தக் கஞ்சியில ஒரு துளிகூட மிச்சம் வைக்கல. பதினோரு வருஷம் முன்னாடியே சுத்திகரிச்ச தண்ணியில அலசி எடுத்தாச்சு. பன்னெண்டு குண்டூசி இருந்துச்சு, ஒண்ணு விடாம எடுத்தாச்சு. துணியத் தட்டையா விரிச்சு, மூணு மாசம் காய வெச்சு, மறுபடி பட்டு நூல்ல..."

நின்றுவிட்டான்.

எங்கோ ஒரு குழந்தை ஜூஸை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"விரிச்சியா?" என்றாள் கோண்டா.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். பாரந்தூக்கியில் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளை இறக்குகிறவள், அதே நிதானத்தோடு மேடைக்கு ஏறினாள்.

"மடிப்பைப் பிரிச்சியா நீ?"

"அது... அது நெறிமுறை. துணியக் காப்பாத்தணும்னா மடிப்ப எடுத்துத்தான் ஆகணும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்யறாங்க. புகைப்படம் இருந்துச்சு, அதப் பாத்து அப்படியே..."

"இடவலம் மாறி," என்றாள் வோனி. அட்டையைத் துணைமேயரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்த ஆளோட கோட்டுப் பித்தானப் பாருங்கம்மா. படமே திரும்பியிருக்கு. அதப் பாத்து இவரும் திருப்பிக் கட்டிட்டாரு. அத அன்னிக்கே கண்டுபிடிச்சு எழுதினவளுக்கு வேலை போச்சு."

"ரெண்டரைக்கு மாடியில பாத்ததா சொன்னாரே," என்று பாரென்ட் கீழேயிருந்து கூவினான். ஃபின்லாந்து அப்பா போனை உயர்த்திப் பிடித்திருந்தார். "இங்க ஒண்ணு பன்னெண்டுக்கே அது கரண்டியில தொங்குது மேடம்! கரண்டியில தொங்கிக்கிட்டே ரெண்டரைக்கு மாடியிலயும் இருந்திருக்கு. இது அங்கிசா இல்ல, ஆவி!"

துணைமேயர் போனை வாங்கிப் பார்த்தார். புத்தக அட்டையைப் பார்த்தார். பிறகு காவலர்களிடம், "அந்த ஏழு பேரை விட்டு விலகி நில்லுங்க," என்றார். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அவர் கூப்பிடுவது அருங்காட்சியக நிர்வாகக் குழுவை என்பது ஃபான் டாலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

கோண்டா தட்டிலிருந்து தலைக்கட்டை எடுத்தாள். நாற்பது வருடக் காத்திருப்பு அவள் உள்ளங்கையில் எடையில்லாமல் கிடந்தது. அதைத் திருப்பினாள். பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பின்பக்கம் ஒன்றுமே இல்லை. வழவழப்பாக, தட்டையாக, பட்டு நூலால் சுத்தமாக முடிக்கப்பட்டிருந்தது.

"பின்னால?" என்றாள்.

"படம் முன்பக்கம் மட்டும்தான் இருந்துச்சு," என்றான் ஃபான் டால். குரல் கேட்கவே இல்லை. "அதனால பின்னால எளிமையா முடிச்சுட்டாங்க."

"எங்க கொள்ளுப்பாட்டி துரையோட மூஞ்சிக்கு நேரா சொன்னத நீ தண்ணியில அலசி ஊத்திட்ட." கோண்டாவின் கண் வறண்டிருந்தது. "எங்கம்மா எனக்குக் காட்ட முடியல. நான் பாக்கல. இனி யாரும் பாக்க முடியாது. துணி இருக்கு. அவ சொன்னது இல்ல."

வோனி காத்திருந்தாள். அவள் எதிர்பார்த்த வெற்றி எதுவும் நெஞ்சில் வரவில்லை. அவன் வேலை போகும், பெயர் போகும், புத்தகம் போகும். போதாது என்று தோன்றியது. எதுவும் போதாது. செலெஸ்டினா சொன்னதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

கோண்டா தலைக்கட்டை அப்படியே வோனியின் கையில் கொடுத்தாள். பிறகு மேடை விளிம்புக்கு வந்து குனிந்தாள்.

"ஈர்மா. கஞ்சி போட்ட துணி ஒண்ணு குடு. பெருசா."

ஈர்மா நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு ஓடினாள். பிறகு ஈர்மா தன் கடையிலேயே பெரிய, மஞ்சள் கட்டம் போட்ட துணியையும் கைநிறையக் குண்டூசியையும் நீட்டினாள்.

கோண்டா மேடைப் படியில் உட்கார்ந்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்வினாள். துணியை முழங்காலில் விரித்தாள். கஞ்சித்துணி மடியும்போது தாள் கிழிவதுபோல் சத்தம் வரும். அமைதியான கூடத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முன்பக்கத்தை உயரமாக எழுப்பினாள். மயில் தோகைபோல் விசிறி மேல் விசிறி. அதற்கு மேல் ஒரு கொண்டை. குழந்தைகள் வாய்பிளந்தன. கடைசி ஊசியைக் குத்திவிட்டு எழுந்து, அதை எல்லோருக்கும் காட்டினாள். பிறகு திருப்பிக் காட்டினாள்.

பின்னால் வெறும் ஓட்டை. உள்ளே கோண்டாவின் முஷ்டி தெரிந்தது.

"எங்க ஊர்ல ஒருத்தன் மறக்க முடியாதபடி ஒண்ணு பண்ணினா, அவன் பேர்ல ஒரு கட்டு கட்டுவோம்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆள் செத்தாலும் கட்டு சாகாது. கல்யாணத்துல கட்டுவாங்க, எழவுல கட்டுவாங்க, சந்தைக்குக் கட்டிட்டுப் போவாங்க. இது புதுசு. முன்னால ஆடம்பரம், பின்னால காலி. இதுக்குப் பேரு ஃபான் டால்."

ஏழு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. பின்னாலிருந்த முப்பது நாற்பது பெண்களுக்கு அது தொற்றியது. கேப் வெர்தே மேளக்காரன் சும்மா இருக்க முடியாமல் ஒரு தட்டு தட்டினான்.

முதலில் வந்தது ஒரு புலி. "எனக்கு ஒரு ஃபான் டால் கட்டித் தாங்க!"

"வரிசையில வா," என்றாள் ஈர்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குண்டூசியை வாயில் போட்டாள். "எல்லாரும் வாங்க. ஃபான் டால் ரொம்ப சுலபம், கண்ணுகளா. உள்ள ஒண்ணுமே வைக்க வேண்டாம்."

ஃபான் டால் வாசலை நோக்கி நகர்ந்தான். அவசரப்படவும் முடியவில்லை, கூட்டம் விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் பெயரை யாரோ ஒரு குழந்தை கத்தியது. பச்சையில் ஃபான் டால். சிவப்பில் ஃபான் டால். ஃபின்லாந்து அப்பா தன் மகளின் ஃபான் டாலை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாரென்ட்டும் ஒன்று மாட்டிக்கொண்டான்.

"எப்படி பாஸ் இருக்கு?"

"பொருத்தமா இருக்கு. தலைக்குள்ளயும் அப்படித்தான்."

ஐந்து மணிக்கு மழை ஓய்ந்திருந்தது. வோனி வெளியே வந்தபோது டிராம் நிறுத்தத்தில் ஃபான் டால் நின்றுகொண்டிருந்தான். காரை எடுக்கக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவனுக்கு அருகே திருவிழாவுக்கே வராத ஒரு சூரிநாம் பெண், காய்கறிப் பையோடு டிராமுக்குக் காத்திருந்தாள். அப்பா அம்மாவோடு வந்த ஒரு சிறுமியின் தலையை வியப்போடு பார்த்தாள். குனிந்தாள். சுற்றிப் போய்ப் பின்னால் பார்த்தாள்.

"இந்தக் கட்டை நான் பாத்ததே இல்லையே. பேரு என்ன கண்ணு?"

சிறுமி சொன்னாள்.

காய்கறிப் பெண் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போறேன் என்றாள். முன்பின் தெரியாதவர்கள் டிராமுக்குக் காத்திருக்கும்போது பேசுவதுபோல், பக்கத்தில் நின்ற சாம்பல் கோட்டுக்காரரிடம் திரும்பி, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள்.